வெற்றிடத்தின் இரைச்சல்

அண்டத்திலுள்ள பொருளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கரும்பொருள். அதைத் தேடிச் சுரங்கங்களுக்குள் பெரிய தொட்டிகளை இறக்குகிறார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹேஸ்டாக் குழுவினர் தேடுவதோ, இரண்டு கைகளில் தூக்கிவிடக்கூடிய ஒரு செம்புப் பூச்சு உருளைக்குள்.

●

கரும்பொருள் என்பது அவர்கள் தேடும் ஆக்சியான் துகள்தான் என்றால், என் விரல்நுனியளவு இடத்தில் இப்போது பத்து லட்சம் கோடிக்கும் மேல் இருக்கும். எதையும் தீண்டாமல் கடக்கின்றன. வலுவான காந்தப்புலத்தில் மிக அரிதாக ஒன்று நுண்ணலை ஒளித்துகளாக மாறக்கூடும் என்று 1983-இல் இயற்பியலாளர் பியர் சிகிவி சொன்னார். நம்பிக்கை அந்த அரிதின் மேல்தான்.

●

உருளைக்குள் ஒரு தண்டு. அதை இம்மியளவு திருப்பினால் உருளை ஒத்ததிரும் அதிர்வெண் நகரும். வானொலியில் நிலையம் தேடுவது போல. நிலையம் எங்கே என்றுதான் யாருக்கும் தெரியாது. கேட்பார்கள், காத்திருப்பார்கள், மறுபடி திருப்புவார்கள்.

●

8 டெஸ்லா காந்தப்புலம். ஒரு கெல்வினில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழான குளிர். வெப்பத்தின் சலசலப்பு அடங்கிய பிறகும் ஓர் இரைச்சல் மிஞ்சுகிறது. அது கருவியின் குறை அல்ல, வெற்றிடத்தின் இயல்பு. உருளைக்குள்ளிருக்கும் நுண்ணலையின் இரண்டு கூறுகளையும் ஒருசேரத் துல்லியமாக அறிய ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மை விதி இடம் தராது. அந்த நடுக்கத்தை ஒழிக்க முடியாது, இடம் மாற்றலாம். ஒரு கூறில் அதை அமுக்கி, மற்றதில் பெருக விட்டு, அமுங்கியதை மட்டும் அளக்கிறார்கள். விதியை மீறாமல், விதிக்குள்ளேயே ஒரு வழி. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்ந்துவிடுகிறது.

இப்படி இரைச்சலை அமுக்குவதால் ஆக்சியானின் குரல் உரத்துக் கேட்டுவிடாது. உருளையின் அதிர்வெண்ணுக்கு இருபுறமும் இரைச்சல் தணிவதால், ஒரே இருப்பில் அதிக அகலத்துக்குக் கேட்க முடிகிறது. தண்டை இன்னும் கொஞ்சம் தாராளமாக நகர்த்தலாம். தேடும் வேகம் இரு மடங்கானது. தேட வேண்டிய பரப்போ கரை காணாதது. அங்கே இரு மடங்கு என்பது ஓர் ஆராய்ச்சியாளரின் ஆயுளில் பாதியை மிச்சப்படுத்தும்.

●

2021-இல் வெளியான முடிவு: 4.1 முதல் 4.18 கிகாஹெர்ட்ஸ் வரை, நடுவே ஒரு சிறு இடைவெளி நீங்கலாக, எதுவும் தென்படவில்லை. ஆக்சியான் ஒளிந்திருக்கக்கூடிய நெடும்பரப்பில் இது ஒரு கீற்று. அந்தக் கீற்றை இவ்வளவு நேர்மையாகத் துழாவி, இங்கே இல்லை என்று எழுதி வைத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

●

அதே ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகம், ஃபெர்மிலாப் ஆய்வாளர்கள் அலையை அளப்பதையே விட்டுவிட்டார்கள். குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான கியூபிட் ஒன்றைக் கொண்டு, ஒளித்துகள் வந்ததா இல்லையா என்று மட்டும் எண்ணினார்கள். எண்ணுகிறவருக்கு அந்த வெற்றிட இரைச்சல் குறுக்கே வருவதில்லை.