நிறைந்த கண்மாயும் திறந்த மடையும்

அமைதி என்னும் ஒரே சொல்லால் நாம் பலவற்றைக் குறிக்கின்றோம். கல்லறைத் தோட்டத்தில் நிலவுவதும் அமைதி. பாலுண்டு உறங்கும் குழந்தையின் முகத்தில் காண்பதும் அமைதி. அச்சத்தால் ஓர் ஊரே கதவடைத்துக் கிடப்பதையும் அமைதி என்றே சொல்லுகின்றோம். ஆகவே, "அமைதியாக வாழ்கிறேன்" என்று ஒருவர் சொல்லும்போது, அது எத்தகைய அமைதி என்று கேட்பது அறநெறி சார்ந்த கேள்வியாகி விடுகின்றது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று கொரோனா பெருந்தொற்றுக்காக நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, இக்கேள்வி நம் வாசற்படிக்கே வந்து நின்றது.

சிவகங்கைச் சீமையில், கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் சிற்றூர் ஒன்றில் வாழும் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அதுவரை அவருடைய நாள் கடிகாரத்தின் ஆணைக்கு உட்பட்டிருந்தது. விடியுமுன் சமையல், ஓடிப் பிடிக்க வேண்டிய பேருந்து, வகுப்பறை, பதிவேடுகள், மீண்டும் பேருந்து, இரவில் ஏடு திருத்தும் வேலை. ஊரடங்கு இச்சுழற்சியை ஒரே நாளில் நிறுத்தியது. அவர் காலையில் கண்மாய்க் கரையில் நடந்தார். கொல்லையில் அவரைப் பந்தல் போட்டார். திருவிவிலியத்தை அவசரமின்றி வாசித்தார். முதிய மாமியார் சொல்லும் பழங்கதைகளைக் கேட்க நேரம் கிடைத்தது. பல ஆண்டுகளுக்கு முன் தொலைந்துபோன ஒன்று தம்மைத் தேடி வந்ததுபோல் உணர்ந்தார்.

பின்னர்க் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. தமிழகத்தில் 2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரையிலான வகுப்புகளும், நவம்பர் 1 அன்று 1 முதல் 8 வரையிலான வகுப்புகளும் மீண்டும் திறக்கப்பட்டன. பிள்ளைகளைக் காணும் மகிழ்ச்சி ஆசிரியைக்கு இருந்தது. ஆனால், அம்மகிழ்ச்சியின் அடியில் வெளியே சொல்லத் தயங்கிய ஏக்கமும் இருந்தது. கிடைத்த அமைதியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா? இந்த ஏக்கத்தைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. ஆன்மா தனக்குத் தேவையான உணவைச் சுவைத்தபின் அதை மீண்டும் தேடுவது இயல்பே.

எனினும், அதே ஊரின் மறுபக்கத்தையும் நாம் காண வேண்டும். மாதம் பிறந்ததும் ஆசிரியர் இல்லத்திற்கு ஊதியம் வந்தது. கட்டட வேலைக்குச் செல்லும் சித்தாளின் இல்லத்திற்கு வேலை நின்ற அன்றே கூலியும் நின்றது. பள்ளியின் சத்துணவு அடுப்பு அணைந்தது. அதற்கு ஈடாகப் பின்னர் அரிசியும் பருப்பும் வழங்கப்பட்டன. ஆனால், பள்ளியில் பிள்ளையின் தட்டில் விழும் சோறு அப்பிள்ளைக்கே உரியது. வீட்டிற்கு வரும் அரிசியோ பசித்த அனைவருக்கும் பங்காவது. கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பாயின. அருகிலிருந்து விளக்கிச் சொல்ல ஆளில்லாத வீடுகள் பல. 2020 மார்ச்சில் 1-ஆம் வகுப்பிலிருந்த குழந்தை, 2021 நவம்பரில் 3-ஆம் வகுப்பில் வந்து அமர்ந்தது. 2-ஆம் வகுப்பு என்னும் அறையை அது கண்டதே இல்லை.

அப்படியானால், ஆசிரியை துய்த்த அமைதி குற்றமா? இல்லை. பிறர் துன்புறும் நாளில் நமக்கு நலமாயிருப்பதே பாவம் என்று திருச்சபை ஒருபோதும் கற்பித்ததில்லை. ஆனால், நலமாயிருப்பவருக்குக் கடமை கூடுகிறது என்று அது கற்பிக்கின்றது. புனித அகுஸ்தினார் அமைதியை ஒழுங்கோடு பிணைத்தே விளக்கினார். ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் நிற்கும்போது பிறப்பதே அவர் கண்ட அமைதி. அவ்வாறாயின், நம் வீட்டில் மட்டும் நிலவி, அண்டை வீட்டை மறந்திருக்கும் அமைதி இன்னும் முழுமை பெறாத ஒன்றே.

13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் இதே சிக்கலை வேறொரு வழியில் ஆராய்ந்தார். செயல் மிகுந்த வாழ்வு மேலானதா, தியான வாழ்வு மேலானதா என்ற வினாவுக்கு விடை தேடுகையில், தியானத்தின் நிறைவிலிருந்து பெருகிவரும் செயலைத் தனித்துப் பிரித்து உயர்த்திக் காட்டினார். அதற்கு அவர் தந்த எடுத்துக்காட்டுகள் இரண்டு: கற்பித்தலும் மறையுரையும். ஆசிரியப் பணியை வெறும் பிழைப்பாக அவர் காணவில்லை என்பது இங்கே கருதத்தக்கது.

இதனை நம் வறண்ட சீமையின் மக்களுக்கு விளக்க நூல்கள் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைகின்றது. நிறைந்த நீரைக் கண்டு மகிழ்வதற்காக எவரும் கரை கட்டவில்லை. மடை திறந்தால்தான் வயல் விளையும். அதே வேளையில், கரை உடைந்து ஒரே இரவில் வெளியேறும் நீராலும் பயிருக்குப் பயனில்லை. தேக்கி வைப்பதும் வேண்டும். அளவோடு திறந்து விடுவதும் வேண்டும்.

பள்ளி திறந்தபின் விட்டுப்போன பாடத்தையெல்லாம் விரைந்து முடிக்கும் பரபரப்பு எங்கும் எழுந்தது. கரை உடைவது என்பது இதுதான். எழுத்துகளை மறந்துவிட்ட பிள்ளை கேட்டது வேகத்தையன்று. தன்னருகே அமர்ந்து பொறுமையோடு கேட்கும் ஒருவரையே. அந்தப் பொறுமை எங்கிருந்து வரும்? கண்மாய்க் கரையில் நடந்த காலைகளிலிருந்தும், மாமியாரின் கதைகளைக் கேட்டிருந்த மாலைகளிலிருந்தும் வரும். தனக்குக் கிடைத்த அமைதியை ஆசிரியை வகுப்பறைக்குள் கொண்டு செல்வாராயின், அதை இழந்தவர் ஆகமாட்டார். நாள்தோறும் விடியற்காலையில் ஒரு சிறு நேரத்தை இறைவனுக்கென்று காத்துக்கொள்வது அதற்குப் போதுமானது.

பெருந்தொற்றின் நடுவே, 2020 டிசம்பர் 8 அன்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் புனித யோசேப்பின் ஆண்டைத் தொடங்கி வைத்தார். அன்று வெளியிட்ட மடலில், அன்றாடச் சிறு செயல்களால் பிள்ளைகளுக்கு நெருக்கடியை எதிர்கொள்ளக் கற்றுத்தருவோருள் பெற்றோரோடும் தாத்தா பாட்டியரோடும் ஆசிரியரையும் சேர்த்து நினைவுகூர்ந்தார். யோசேப்பு பேசிய சொல் ஒன்றுகூட நற்செய்தி நூல்களில் இல்லை. ஆனால், ஏரோது இறந்தபின், திரும்பிச் செல் என்ற அழைப்பு எகிப்தில் வந்தபோது, அவர் எழுந்து குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். யூதேயாவில் ஏரோதின் மகன் ஆள்வதை அறிந்து அஞ்சினார். கனவில் எச்சரிக்கப்பெற்று, நாசரேத்தில் குடியேறினார். அவருடைய அமைதிக்குள் முன்மதி இருந்தது, உழைப்பு இருந்தது, காக்கப்பட வேண்டிய ஒரு குழந்தையும் இருந்தது.

2023 மே 5 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் கொரோனா தொடர்பான உலகளாவிய அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. முகக்கவசங்கள் மறைந்தன, பேருந்துகள் மீண்டும் நிரம்பி வழிகின்றன. அந்நாள்களில் நமக்கும் ஏதேனும் ஓர் அமைதி அருளப்பட்டிருக்கலாம். அது இப்போது எங்கே இருக்கிறது, எவருடைய வயலுக்குப் பாய்கின்றது என்று இன்றிரவு செபத்தின்போது நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.