கண்ணும் கண்ணோட்டமும்

இரக்கத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. அருள், பரிவு, கருணை என்று அவை விரியும். அவற்றுள் 'கண்ணோட்டம்' என்னும் சொல் தனிச் சிறப்புடையது. பிறர் துன்பத்தின்மேல் கண் ஓடுவதே இரக்கம் என்று கண்ட மக்களின் சொல் அது. வள்ளுவர் அருளுடைமையை அறத்துப்பாலில், துறவறவியலில் வைத்தார். கண்ணோட்டத்தையோ பொருட்பாலில், அரசியலின் நடுவே, 58-ஆம் அதிகாரமாக வைத்தார். உரையாசிரியர்கள் இதற்குக் கூறும் விளக்கம் ஒருபுறம் இருக்க, எனக்கு இதில் ஒரு கருத்துப் புலப்படுகிறது. துறவியின் அருளுக்கு ஆட்சி வேண்டுவதில்லை. கண்ணோட்டமோ, பிறிதோர் உயிரின் வாழ்வும் தாழ்வும் எவன் கையில் உள்ளனவோ அவனிடம் எதிர்பார்க்கப்படுவது. அத்தகையவன் பார்த்து இரங்கினால் மட்டும் போதுமா? பார்த்ததை அறியவும் கடமைப்பட்டவனா?

இவ்வினாவை ஆராய்வதற்குக் குதிரையின் கண்நோயைச் சான்றாக எடுத்துக்கொள்கிறேன். ஏன் குதிரை என்று மாணவர் வியக்கலாம். அந்நோயாளிக்குப் பேசத் தெரியாது. அதன் உடையவனுக்கோ அதன்மேல் முழு அதிகாரமும் உண்டு. அவன் செய்யும் நன்மையும் தீமையும் சில நாள்களிலேயே கண்கூடாகத் தெரிந்துவிடும். அறநூல்கள் பொதுவாகப் பேசுவதை இங்கே நுணுக்கமாகக் காணலாம்.

நிலத்தில் வாழும் பாலூட்டிகளுள் மிகப் பெரிய கண்களை உடையவற்றுள் குதிரை ஒன்று. தலையின் இருபுறமும் அமைந்த அக்கண்களால், தலையைத் திருப்பாமலேயே ஏறத்தாழ 350 பாகை அளவு அது சுற்றிப் பார்க்கிறது. வேட்டையாடப்படும் விலங்கு அல்லவா? பகையை முன்னறிந்து ஓடுவதே அதன் காவல். அவ்வாறு வாழ்ந்த இனம் தன் நோவை வெளிக்காட்டாது மறைக்கவும் பழகியது. நொண்டும் மானைத்தானே புலி முதலில் தேர்ந்தெடுக்கும்!

ஆகவே குதிரையின் கண்வலியை அறிவதே ஒரு கலை. தேர்ந்த மருத்துவர் முதலில் குதிரையைத் தொடுவதில்லை. எதிரே சிறிது தொலைவில் நின்று இரு கண்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். நலமான கண்ணில் மேலிமை மயிர் ஏறக்குறைய நேராக முன்னோக்கி நிற்கும். வலியுள்ள கண்ணில் அது கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். கண்ணீர் வழிதல், வெளிச்சத்தில் கண் கூசுதல், இமை பாதி மூடியிருத்தல் ஆகியவை பிற குறிகள். இமையை மூடும் தசை மிக வலியது. அதை விரலால் வலிந்து திறப்பது தவறு. ஆழமான புண் இருந்தால் விழியே கிழிந்து போகலாம். அதனால் குதிரையை மருந்தால் அமைதிப்படுத்தி, இமைத் தசைக்குச் செல்லும் நரம்பருகே ஓர் ஊசியிட்டுத் தளரச் செய்து, இருண்ட இலாயத்தில் விளக்கொளியால் கண்ணை ஆராய்வர். இவ்வளவும் நோய் இன்னதென்று அறிவதற்கு மட்டுமே. மருந்து இன்னும் கொடுக்கப்படவில்லை.

இத்தனை பொறுமை எதற்கு? விடை, சிவந்து நீர் வடிக்கும் ஒரு கண்ணின் பின்னால் நிற்கக்கூடிய இரண்டு நோய்களில் இருக்கிறது. ஒன்று விழியின் முன்புறத்துத் தெளிந்த படலத்தில் தோன்றும் புண். வைக்கோல் துரும்போ முள்ளோ கீறியதால் அது வரலாம். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் பூஞ்சையும் அப்புண்ணில் குடிபுகும். மற்றொன்று விழியின் உள்ளே நடுப்படலத்தில் ஏற்படும் அழற்சி. வெளிப்பார்வைக்கு இரண்டும் பெரிதும் ஒத்திருக்கும். மருந்தோ நேர்மாறானது. உள்ளழற்சியைத் தணித்துப் பார்வையைக் காப்பது ஸ்டீராய்டு மருந்து. அதையே புண்பட்ட கண்ணில் இட்டால் கண்ணின் காப்பாற்றல் ஒடுங்கும், கிருமிகள் பெருகும், தெளிந்த படலம் கூழாகிக் கரையும். ஓரிரு நாளிலேயே கண்ணை இழந்துவிட நேரலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவது ஃபுளோரசீன் என்னும் சாயம். ஒரு துளி இட்டு நீல ஒளியில் பார்த்தால், புண் உள்ள இடம் பசுமையாக ஒளிரும். சில நிமிட வேலைதான்.

இப்போது ஓர் இலாயப் பணியாளரை எண்ணிப் பாருங்கள். (மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அவரைச் 'சைஸ்' என்று அழைப்பது பழைய வழக்கு.) தாம் வளர்க்கும் குதிரையின் கண் சிவந்திருப்பதைக் கண்டு அவர் உள்ளம் பதைக்கிறது. சென்ற ஆண்டு இதே குதிரைக்கு மருத்துவர் கொடுத்த களிம்பு அலமாரியில் எஞ்சியிருக்கிறது. அன்போடு எடுத்து இடுகிறார். சென்ற ஆண்டு நோய் உள்ளழற்சி. இந்த ஆண்டு புண். அவருடைய அன்பே குதிரையைக் குருடாக்குகிறது. அவர் குற்றவாளியா?

நல்லெண்ணம் ஒன்றே எந்த நிபந்தனையுமின்றி நல்லது என்று ஜெர்மானிய அறிஞர் கான்ட் 1785-இல் எழுதினார். இக்கருத்தை எடுத்துக்காட்டிப் பணியாளரை விடுவிப்பவர் உண்டு. ஆனால் கான்ட்டை முழுமையாகப் படித்தவர் அவ்வாறு சொல்லார். வெறும் விருப்பத்தை அவர் நல்லெண்ணம் என்று கொள்ளவில்லை. தன் ஆற்றலுக்கு உட்பட்ட வழிகளையெல்லாம் திரட்டி முயல்வதையே அப்பெயரால் குறித்தார். அறிவதற்கு வழி இருந்தும் அறியாமல் விடுவது அந்த முயற்சியில் குறைபடுவதாகும். மருத்துவர் அருகிலிருந்தும் அழைக்காதவரின் நிலை வேறு. மருத்துவரே இல்லாத ஊரில் இருந்ததைக் கொண்டு முயன்றவரின் நிலை வேறு. கண்ணில் விழும் தீங்கு ஒன்றே ஆயினும், பழி ஒன்றாகாது என்பது என் துணிபு.

இதே நோயில் மற்றோர் அறச்சிக்கலும் உண்டு. உள்ளழற்சி பல குதிரைகளில் ஒருமுறை வந்து போவதில்லை. மீண்டும் மீண்டும் வரும். உலகெங்கும் குதிரைகளின் பார்வையைப் பறிக்கும் நோய்களுள் இதுவே முதன்மையானது. உரோமானிய எழுத்தாளர் வெஜீஷியஸ் முதலானோர் இதை நிலவோடு தொடர்புபடுத்தினர். பிறை போல வளர்ந்து தேய்கிறது என்று எண்ணி, 'நிலாக்குருடு' என்று பொருள்படும் பெயர் ஐரோப்பிய மொழிகளில் நிலைத்தது. நிலவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உடலின் காப்பாற்றல் தன் கண்ணையே தாக்குவதால் வருவது இது. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமிக்கும் இதில் பங்குண்டு. அப்பலூசா இனக் குதிரைகளை இது மிகுதியாகப் பற்றுகிறது.

இரு தாக்குதல்களுக்கு இடையே கண் அமைதியாக இருக்கும். அந்த இடைவெளியில் குதிரையைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டால் வாங்குபவனுக்கு என்ன தெரியும்? இந்தச் சூது பழமையானது. ஜெர்மனியில் 1899-ஆம் ஆண்டுப் பேரரசு ஆணை ஒன்று, குதிரை விற்பனையில் விற்பவன் பொறுப்பேற்க வேண்டிய பெருங்குறைகளுள் இந்நோயைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதற்கு 14 நாள் தவணை வைத்தது. 2001-ஆம் ஆண்டின் முடிவுவரை அவ்விதி நடப்பில் இருந்தது. 14 நாளில் நோய் வெளிப்பட்டால் சட்டம் கேட்கும். பதினைந்தாம் நாள் வெளிப்பட்டால்? நோய் மாதக்கணக்கில் உறங்கக்கூடியது. விற்றவனுக்கு அது தெரியும். அவன் பொய் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருந்தான், அவ்வளவே. பொய்யாமையைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள் இந்த மௌனத்தை எந்தப் பக்கம் வைப்பார்கள் என்று நான் அறிய விரும்புகிறேன். நான் அதைப் பொய்யின் பக்கமே வைப்பேன். ஏனெனில் அம்மௌனத்துக்கு விலை பெறப்பட்டிருக்கிறது.

இறுதியாக, கடினமான வினா. மருந்துகள் பயனளிக்காமல் பார்வை போய், வலி மட்டும் எஞ்சிவிட்ட கண்ணை என்ன செய்வது? அதை அகற்றிவிடுங்கள் என்பார் மருத்துவர். 'ஐயோ, கண்ணைத் தோண்டுவதா?' என்று உடையவர் கலங்குவார், மாதக்கணக்கில் தள்ளிப்போடுவார். இது இரக்கம் போலத் தோன்றுகிறது. யார்மேல் இரக்கம்? குதிரை கண்ணாடி பார்ப்பதில்லை. தன் முகத்தின் அழகு குலைந்ததென்று வருந்துவதில்லை. அதற்குத் தெரிந்தது வலி ஒன்றே. கண்ணை எடுத்தபின் வலி ஒழிந்து, தீனி எடுத்து, சவாரிக்கும் திரும்பிய குதிரைகள் மிகப் பல. அழகு குலைவதைக் காணத் தாங்காத தம் கண்களுக்காகவே உடையவர் குதிரையை நோவில் வைத்திருக்கிறார். கண்ணோட்டம் தன்மேலேயே ஓடித் திரும்பும்போது அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

மறுமுனையில், குருட்டுக் குதிரையால் பயனில்லை, கொன்றுவிடலாம் என்பவர் இருக்கின்றனர். பயனே அளவுகோல் என்றால் கண்ணுள்ள குதிரைக்கும் காப்பில்லை. சிங்கப்பூரில் 2024 அக்டோபர் 5-ஆம் நாள் கடைசிக் குதிரைப் பந்தயம் ஓடி முடிந்தபோது, நல்ல கண்ணுள்ள குதிரைகளுக்கும் 'இனி எங்கே?' என்னும் வினா எழுந்தது. ஆயினும் கொல்வது எப்போதும் கொடுமை என்றும் நான் கூற மாட்டேன். 1930-இல் கெய்ரோ சென்ற டோரத்தி புரூக் என்னும் ஆங்கிலப் பெண்மணி, முதல் உலகப் போரில் உழைத்துப் பின் அங்கே விற்கப்பட்ட ஏறத்தாழ 5,000 குதிரைகளை நன்கொடை திரட்டி விலைகொடுத்து மீட்டார். அவற்றுள் பெரும்பாலானவை மீளாத நிலையில் இருந்தன. நல்ல தீனியும் ஓய்வும் கொடுத்தபின் அவற்றை வலியின்றி இறக்கச் செய்தார். ஏழை வண்டிக்காரரை அவர் தூற்றவில்லை. குதிரைக்கு ஈடாகப் பணம் கொடுத்தார். 1934-இல் இலவச மருத்துவமனையும் அமைத்தார். மருந்துக்குப் பணமில்லாதவனை இரக்கமில்லாதவன் என்று ஏசுவது எளிது. அவ்வெளிய வழியை அவர் நாடவில்லை.

கொல்வதற்கு முன் வினவ வேண்டியது, இக்குதிரையால் எனக்கு என்ன பயன் என்பதன்று. இக்குதிரைக்கு வாழ்வு தாங்கத்தக்கதா என்பது. திடீரெனப் பார்வை இழந்து, அஞ்சி அலைந்து, சுவரில் மோதிக்கொள்ளும் குதிரைகள் உண்டு. சிறிது சிறிதாக இழந்து, இருளுக்குப் பழகிக்கொள்ளும் குதிரைகளும் உண்டு. அமெரிக்காவில் எண்டோ என்னும் அப்பலூசா குதிரைக்கு நிலாக்குருட்டால் இரு கண்களும் அகற்றப்பட்டன. 2022-இல் அது 106 சென்டிமீட்டர் உயரம் தாண்டிக் கின்னஸ் பதிவில் இடம் பெற்றது. எல்லாக் குதிரையும் எண்டோ ஆகாது, ஆக வேண்டியதுமில்லை. குருட்டுக் குதிரைக்கு வேண்டுபவை சில. தண்ணீர்த் தொட்டியை இடம் மாற்றக் கூடாது. வேலியில் கூர்முனை இருக்கக் கூடாது. தொடுவதற்கு முன் குரல் கொடுக்க வேண்டும். கூட மேயும் துணைக்குதிரையின் கழுத்தில் ஒரு மணி கட்டினால், அவ்வொலியைப் பின்பற்றி அது மேய்ச்சல் நிலம் முழுவதும் நடந்து பழகும்.