வரைபடத்தில் ஏறாத தெரு

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் தேர்வில் இந்திய வரைபடத்தைக் கொடுத்து, காரகோரத்தைக் குறி, காம்பே வளைகுடாவைக் குறி என்பார்கள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு குறித்துவிடுவார்கள். அதே பிள்ளையிடம் சொந்த ஊரை வரையச் சொல்லுங்கள். ஊர்த்தெரு எங்கே முடிகிறது, சேரி எங்கே தொடங்குகிறது, சுடுகாடு ஏன் இரண்டு, யார் வீட்டுப் பிணம் எந்த வழியாகப் போகக் கூடாது எல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் அதற்கு மதிப்பெண் கிடையாது.

நான் பாடநூலைக் குறை சொல்லவில்லை. தீண்டாமையைக் கண்டிக்கும் வாசகம் தொடக்கப் பக்கத்திலேயே இருக்கிறது. உள்ளே அயோத்திதாசர் இருக்கிறார், இரட்டைமலை சீனிவாசன் இருக்கிறார், பெரியாரும் இருக்கிறார். கோளாறு எல்லாவற்றையும் நடந்து முடிந்த கதையாகச் சொல்லிக்கொடுப்பதில்தான். தீண்டாமையை ஒழித்த அரசமைப்புப் பிரிவு எது? 17. ஒரு மார்க். சட்டம் தடை செய்ததா, ஊர் கைவிட்டதா என்று எந்த மாணவனும் எழுந்து கேட்பதில்லை. கேட்டால் போர்ஷன் முடியாது. (கணக்கு வாத்தியார் கடன் வாங்கியது போக மிச்சமிருக்கும் பீரியடில் வேறென்ன செய்வது?)

1927-இல், தலித் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த மகாடு சவுதார் குளத்தில் இறங்கி அம்பேத்கர் தண்ணீர் குடித்தார். ‘பொருத்துக’ பகுதிக்கு ஏற்ற செய்தி. 95 ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்து கிடந்தது. இரண்டையும் ஒரே பீரியடில் சொன்னால் பாடம். ஆனால் நாமோ முன்னதை வரலாறு என்கிறோம், பின்னதை அரசியல் என்று ஒதுக்குகிறோம்.

அமிலத்தில் நீல லிட்மஸ் சிவப்பாகும் என்று சொல்லிவிட்டு நம்பிக்கொள் என்று எந்த அறிவியல் ஆசிரியரும் விடுவதில்லை. தாளைக் கையில் கொடுத்து நனைத்துப் பார்க்கச் சொல்கிறார். சமூக அறிவியலின் ஆய்வகமோ பள்ளி கேட்டுக்கு வெளியே இருக்கிறது. அங்கே அழைத்துப் போக ஆளில்லை. அறிவியல் மனப்பான்மையும் ஆராய்ந்து கேட்கும் உணர்வும் குடிமகனின் கடமை என்று 1976-இல் அரசமைப்பில் சேர்த்தார்கள். அதையும் கோடிட்ட இடத்தில் நிரப்பச் சொல்லித்தான் கேட்கிறோம்.

விளைவைத் தென்மாவட்டங்களில் பார்த்தோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீட்டில் வைத்து வெட்டப்பட்டார்கள். பிடிபட்டவர்கள் பள்ளி மாணவர்கள். அதையடுத்து அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, அடுத்த ஆண்டு ஜூனில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு எதுவும் பள்ளிக்குள் கூடாது என்று பரிந்துரைத்தது. சரியான பரிந்துரை. ஆனால் ஒன்றை யோசியுங்கள்: தேர்வில் 17 என்று சரியாக எழுதிய கையில்தான் அந்தக் கயிறும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை. அப்படிப் படிக்கத்தான் நாம் பழக்கியிருக்கிறோம்.

‘பிஞ்சு மனசில் சாதியை விதைக்கலாமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது என்பது ஐந்து வயதிலேயே அந்தப் பிஞ்சுக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்தவர்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். வகுப்பறையின் மௌனம் காப்பாற்றுவது பிள்ளையை அல்ல, அவர்களை.

ஊரை வரைந்து வரச் சொல்லி ஓர் ஆசிரியர் வீட்டுப்பாடம் கொடுத்தால் மறுநாள் காலை தலைமையாசிரியர் அறையில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மாதம் முடிவதற்குள் அவருக்கு இடமாற்றம் வந்துவிடும். பெரியாரைப் பாடமாக வைத்த அரசுகள்கூட இந்த ஒரு வீட்டுப்பாடத்தை வைக்கத் துணியவில்லை.

அரசை விடுங்கள். உங்கள் மகள் அப்படியொரு வரைபடத்தை வரைந்து, இரண்டு சுடுகாட்டையும் தெளிவாகக் குறித்து, நம் வீடு எந்தப் பக்கம் என்றும் எழுதி, பெற்றோர் கையெழுத்துக்கு நீட்டினால் போடுவீர்களா?