படகு வீடாகுமா?

கள்ளக்குறிச்சியில் பிறந்தவனுக்குக் கடல் என்பது கேள்விப்பட்ட பொருள். எங்கள் ஊரிலிருந்து அது கிழக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மேற்கே திரும்பினால் கல்வராயன் மலை. எங்கள் கண்கள் பழகியது அதற்குத்தான். ஆகவே, விடுமுறையில் வந்திருந்த என் தங்கை மகன் கோமுகி அணைக்கரையில் நின்றுகொண்டு, “மாமு, ஒரு பாய்மரப் படகு வாங்கி, அதிலேயே குடியிருந்து, தீவு தீவாகச் சுற்றி வாழ்ந்துவிடலாம் என்று இருக்கிறேன்” என்றபோது எனக்கு முதலில் வந்தது சிரிப்புத்தான்.

அவன் சிரிக்கவில்லை. முப்பது வயதைக் கடந்தவன். வளைகுடா நாடொன்றில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஒன்பது ஆண்டுகளைக் கழித்தவன். கையில் ஓரளவு பணம் உண்டு, திருமணம் ஆகவில்லை. தகப்பனார் மவுத்தாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என் தங்கை இங்கே தனியாக இருக்கிறாள்.

“இந்தத் தண்ணீர் எங்கே போகிறது மாமு?” என்று கேட்டான். தெரியாமல் கேட்டதன்று. மலையில் பெய்யும் மழை கோமுகியாய் இறங்கி, மணிமுத்தாற்றோடு கூடி, பிறகு வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது என்பது இப்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். “தண்ணீரே இங்கே தங்க விரும்பவில்லை பார்த்தீர்களா?” என்றான். நல்ல பேச்சு. ஆனால் தண்ணீருக்குத் தாய் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். இளைஞர்களின் ஆசையை முதல் பேச்சிலேயே அறுத்துவிடுவது பெரியவர்கள் செய்யும் பிழைகளில் ஒன்று.

அந்த வாழ்க்கையை இழிவாகப் பேசுவது எளிது, நேர்மையாகாது. முப்பது முப்பத்தைந்து அடி நீளமுள்ள படகு ஒன்றில் கணவனும் மனைவியுமாகப் பல்லாண்டுகள் வாழ்ந்தவர்கள் உலகில் பலர் இருக்கின்றனர். அவர்களுக்குக் காற்றுத்தான் நாட்காட்டி. வாடைக்காற்று வீசும் தை, மாசி மாதங்களில் தாய்லாந்துக் கரையை விட்டு இலங்கைக்கும், அங்கிருந்து மாலத்தீவுக்கும் வருவார்கள். தென்மேற்குப் பருவம் தொடங்குமுன் ஒதுங்கிடம் தேடிக்கொள்வார்கள். குடிநீரைக் குவளையால் அளந்து செலவிடுவார்கள். மழை பெய்தால் விரிப்பைக் கட்டித் தொட்டியில் பிடிப்பார்கள். அடிப்பலகையில் ஒட்டும் பாசியையும் சிப்பியையும் சுரண்ட வேண்டும். உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் ஒவ்வொரு திருகையும் கவனிக்க வேண்டும். நடுக்கடலில் இரவு முழுவதும் முறைவைத்து விழித்திருக்க வேண்டும். சோம்பேறிக்கு அங்கே இடமில்லை. நம் வீடுகளில் நடக்கும் வீண் செலவுகளை எண்ணிப் பார்த்தால், அந்தச் சிறு படகின் சிக்கனம் நமக்குப் பாடமாகவே இருக்கக்கூடும்.

துணிவுக்கும் நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. கேரளத்தைச் சேர்ந்த கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி 2013-இல் திரும்பினார். 2018-இல் மறுபடியும் ஒரு பந்தயத்தில் புறப்பட்டு, தென் இந்தியப் பெருங்கடலில் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு நொறுங்கி, நாட்கணக்கில் அசைய முடியாமல் கிடந்து மீட்கப்பட்டார். அந்த மனிதர் மீண்டும் அதே பந்தயத்துக்குச் சென்று 2023-இல் இரண்டாவதாக வந்தார். நமக்கு அண்டையிலுள்ள புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா என்ற இரு கடற்படைப் பெண் அதிகாரிகள், ‘தாரிணி’ என்னும் படகில் 2024 அக்டோபர் 2-ஆம் நாள் கோவாவிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றி, 2025 மே 29-இல் அங்கேயே வந்து சேர்ந்தனர்.

இவர்களையெல்லாம் மருமகன் எடுத்துக்காட்டினான். நான் சொன்னேன்: “தம்பி, இவர்கள் புறப்பட்டவர்கள், திரும்பியவர்கள். நீ திரும்புவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே!”

திரும்பாமற் போன ஒருவரின் கதையை அவனே சொன்னான். பெர்னார் முவாத்தெசியே என்ற பிரெஞ்சுக்காரர். வியட்நாமில் பிறந்து வளர்ந்தவர். 1968-இல் தனியாக உலகைச் சுற்றும் முதற்பந்தயம் இங்கிலாந்தில் நடந்தபோது, ‘ஜோஷுவா’ என்ற தம் படகில் கலந்துகொண்டார். தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றியாயிற்று. வடக்கே திரும்பி ஊர் சேர வேண்டியதுதான் மிச்சம். பரிசு கிடைக்கும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது, மனைவி காத்திருந்தாள். அவர் வடக்கே திரும்பவில்லை. கேப் டவுன் அருகே ஒரு கப்பலின் மேல்தளத்துக்குக் கவணால் ஓர் ஓலையை எறிந்து, தாம் வரப்போவதில்லை என்று அறிவித்துவிட்டு, மறுபடியும் கிழக்கே ஓடி, 1969 ஜூன் மாதம் தாஹிட்டித் தீவில் நங்கூரமிட்டார்.

அந்தப் பந்தயத்தில் ஒன்பது பேர் புறப்பட்டு, ஒருவரே முடித்தார். அவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய ‘சுஹைலி’ பம்பாயில் கட்டப்பட்ட படகு. அவர் தமக்குக் கிடைத்த 5,000 பவுன் பரிசை, அதே பந்தயத்தில் மாண்டுபோன மற்றொருவரின் மனைவி மக்களுக்குக் கொடுத்துவிட்டார். மருமகனுக்கு முவாத்தெசியே வீரர். எனக்கோ அந்தப் பரிசுப் பணத்தின் கதைதான் மனத்தில் தங்கியது. வயது செய்யும் வேறுபாடாக இருக்கலாம்.

அப்போதுதான் அவன் தன் வலுவான வாதத்தை எடுத்தான். “உலகில் அந்நியனைப் போலவோ, வழிப்போக்கனைப் போலவோ வாழும்படி நம் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்களே மாமு! வீடு, மனை, சீர், வட்டி என்று கட்டுண்டு கிடப்பவர்களைவிட நான் அந்தச் சொல்லுக்கு நெருக்கமாக வாழப்போகிறேன்” என்றான்.

இதற்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. இரவெல்லாம் யோசித்தேன். மறுநாள் ஸுபுஹுக்குப் பின் எங்கள் பள்ளிவாசல் ஹலரத்திடம் இதைச் சொன்னபோது அவர்கள் புன்னகைத்து, “இது பழைய கேள்வியாயிற்றே! முஸாபிர் யார், முகீம் யார் என்பதில் படகுக்காரனைப் பற்றித் தனியாகவே பேசியிருக்கிறார்கள்” என்றார்கள்.

பயணிக்குத் தொழுகையில் சலுகை உண்டு என்பதை வாசகர்கள் அறிவர். நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். நோன்பைப் பிறகு நோற்கலாம். கரையில் வேறு வீடில்லாமல் மனைவி மக்களோடு கப்பலிலேயே வாழும் மாலுமிக்கு இந்தச் சலுகை உண்டா? இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்களின் மத்ஹபில் இல்லை. அவனுக்குக் கப்பலே வீடு. வீட்டிலிருப்பவன் எப்படிப் பயணியாவான்? அவன் முழுமையாகத் தொழ வேண்டும், ரமளானில் நோற்க வேண்டும். பரங்கிப்பேட்டை, காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாபியீ மத்ஹபில் சுருக்கலாம். ஆயினும் அத்தகையவன் முழுமையாகத் தொழுவதே சிறப்பு. உள்நாட்டில் நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனபீ மத்ஹபிலோ அவன் பயணியே. கப்பல் தங்குமிடமாகும் தகுதி உடையதன்று. அதில் தங்கிவிட்டதாக அவன் எண்ணினாலும் அந்த எண்ணம் செல்லாது.

ஒரு சிறு சட்டநுணுக்கம்தான். ஆனால் அதற்குள் நம் கேள்வி முழுவதும் அடங்கியிருக்கக் கண்டேன். படகிலேயே வாழ்பவன் தன்னை எவன் என்று எண்ணிக்கொள்கிறான்? பயணி என்றால், அவனுக்கு ஓர் ஊர் உண்டு. அங்கே அவனுக்காக யாரோ ஒருவர் விளக்கேற்றி வைத்திருக்கிறார். அவருக்கு இவன் கடன்பட்டவன். படகே வீடு என்றால், வீட்டுக்குரிய முழுக் கடமையும் அவன் தலைமேல், குறைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டில் எதையும் ஒருவன் தேர்ந்துகொள்ளலாம். நான் மருமகனுக்குச் சொன்ன குறை இதுதான்: நீ பயணியின் சலுகையையும் கேட்கிறாய், வீட்டுக்காரனின் உரிமையையும் கேட்கிறாய்.

நம்மவருள் பெரும்பயணியான இப்னு பதூதாவும் இந்தத் தராசுக்குத் தப்பியவர் அல்லர். அவர் 1343-இல் மாலத்தீவுக்கு வந்தார், காஜியாக அமர்ந்தார், பல பெண்களை மணந்தார். கப்பலில் வருவோர் அங்கே மணம் செய்து, புறப்படும்போது மணவிலக்குச் செய்வது வழக்கம் என்றும், அந்தத் தீவுப் பெண்கள் தம் நாட்டைவிட்டு வெளியேறுவதில்லை என்றும் அவரே எழுதிவைத்திருக்கிறார். அவரும் அவ்வாறே புறப்பட்டு, இலங்கை வழியாக நம் சோழமண்டலக் கரைக்கு வந்தார். பிறகு ஒருமுறை தீவுக்குத் திரும்பித் தம் சிறு மகனைப் பார்த்தார். தாயிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். அவருடைய பயணநூலால் உலகம் அடைந்த பயன் பெரிது. அதை மறுப்பவன் நான் அல்லன். அந்தப் பையன் வளர்ந்து என்ன ஆனான் என்பதை அந்த நூல் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளிமலைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை, அருவி பார்க்க வந்தவர்களின் வண்டிகள் மலைப்பாதையை அடைத்து நின்றன. “என்ன நிம்மதியான வாழ்க்கை!” என்று ஒருவர் மலையாளிப் பழங்குடியினரின் குடிசைகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்ததும், இன்றும் அம்மக்களில் பலர் பிழைப்புக்காகக் குடிசையைப் பூட்டிக்கொண்டு வெளிமாநிலங்களுக்குப் போவதும் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு பகல் தங்குபவனுக்கு எந்த இடமும் சொர்க்கமாகத்தான் தெரியும்.

தீவுகளும் அப்படித்தானே? முவாத்தெசியேயின் முதற்படகுகளில் ஒன்று 1952-இல் மாலத்தீவுக்குத் தெற்கேயுள்ள சாகோஸ் கூட்டத்தில், டீகோ கார்சியாத் தீவில் மோதி உடைந்தது. அன்று அங்கே தென்னந்தோப்புகளில் உழைக்கும் மக்கள் வாழ்ந்தனர். ஆப்பிரிக்க அடிமைகளின் வழியிலும் இந்தியக் கூலிகளின் வழியிலும் வந்தவர்கள். பிறகு அமெரிக்கப் படைத்தளத்துக்காக, 1968 முதல் 1973 வரை, பிரிட்டிஷ் அரசு அந்தத் தீவுக்கூட்டத்தின் மக்கள் 1,500 பேருக்கு மேற்பட்டோரை அகற்றி மொரீஷியஸிலும் சீஷெல்ஸிலும் இறக்கியது. அவர்கள் வளர்த்த நாய்கள் கொல்லப்பட்டன. தளத்திலிருந்து தொலைவிலுள்ள சாலமன் தீவு வளையத்தில் அதற்குப் பின்னர் பல்லாண்டுகள் உலகம் சுற்றும் பாய்மரப் படகுகள் வந்து மாதக்கணக்கில் நங்கூரமிட்டன. ஆளற்ற ஊரின் கிணற்றில் அவர்கள் துணி துவைத்தார்கள். பாழடைந்த தேவாலயத்தைப் படம் பிடித்தார்கள். அந்தக் கிணற்றைத் தோண்டியவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே குடியேற அனுமதி இல்லை. தீவுகளை மொரீஷியஸுக்குத் திருப்பித் தரும் உடன்படிக்கை 2025 மே மாதம் கையெழுத்தாயிற்று.

படகில் வந்தவர்கள் யாரையும் விரட்டவில்லை. உண்மை. ஆயினும் பிறர் இல்லாமையால் கிடைத்த அமைதியை அவர்கள் அனுபவித்தார்கள். இதை மருமகனிடம் சொன்னபோது அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “முவாத்தெசியேயும் கடைசியில் ஒரு தீவில் இறங்கி மரம் நட்டார் மாமு” என்றான். உண்மைதான். 1975-இல் அவர் பசிபிக் கடலில் ‘ஆஹே’ என்ற பவளத்தீவில் துணைவியோடும் சிறு மகனோடும் குடியேறினார். மண்ணே இல்லாத அந்தத் திட்டில் இலையும் தழையும் மக்கவைத்து எருவாக்கிக் காய்கறி பயிரிட்டார். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இல்லத்தைக் கவண்கல்லால் விட்டவர், தென்னங்கன்றுக்கு நீர் ஊற்றிக்கொண்டிருந்தார்! அவர் மீது எனக்கிருந்த கோபம் அதைக் கேட்டபின் சற்றுத் தணிந்தது என்றே சொல்ல வேண்டும்.

மருமகன் வேலைக்குத் திரும்பிவிட்டான். ஆசையை விடவில்லை. சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, பாய் கட்டப் பயிற்சி பெற்றுவருவதாகவும், முப்பத்துநான்கு அடிப் படகு ஒன்றைப் பார்த்துவைத்திருப்பதாகவும் சொன்னான். “தொழுகையில் நான் எந்த மத்ஹபைப் பின்பற்றுவது மாமு?” என்றும் கேட்டான்; கேலியாகக் கேட்கவில்லை. ஹலரத்தைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பக்கத்தில் அமர்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் தங்கை முறத்தைக் கீழே வைத்தாள். “அந்தப் படகிலே எனக்குப் படுக்க இடம் இருக்குமா என்று கேளுங்கள் காக்கா” என்றாள்.

கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் ஓசை இல்லை. முன்பக்க அறையில் ஒரு கட்டில் உண்டு என்றான். ஆனால் அலை எதிர்த்து வரும் நாட்களில் அதில் யாராலும் தூங்க முடியாது என்றும் சொன்னான்.