சக்கரத்துக்கு ஒதுக்கிய நிலம்

இங்கிலாந்தின் கிழக்குச் சீமைகளில் கோதுமை விதைக்கும் எந்திரம், சுமார் 12.5 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசை வரிசையாக விதையை இறக்கிக்கொண்டே போகையில், குறிப்பிட்ட சில நடைகளில் மட்டும் தன் குழாய்களில் சிலவற்றை அடைத்துக்கொள்கிறது. விதையின்றி விடப்படும் அந்த இரண்டு கீற்றுகளுக்கு அந்நாட்டு உழவர்கள் டிராம்லைன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பயிர் எழும்பிய பிறகு உரமிடவும் மருந்து தெளிக்கவும் வரும் வண்டி, அறுவடை வரையில் அந்தக் கீற்றுகளிலேயே போய் அவற்றிலேயே திரும்பும். விதைப்பு எந்திரம் 4 மீட்டர் அகலமும் தெளிப்புக் கரம் 24 மீட்டரும் ஆனால், ஆறு நடைக்கு ஒரு முறை குழாய்கள் அடைபடும். சக்கரத்துக்கு 40 சென்டிமீட்டர் வீதம் ஒதுக்கினால், நூற்றில் மூன்று பங்குக்குச் சற்று அதிகமான நிலம் தரிசாகிறது.

அவ்வளவு நெருங்கிய வரிசைகளுக்கிடையே எத்துணை மெல்லிய டயரும் செடியை மிதிக்காமல் போக இயலாது. ஹானி நிச்சயம் என்று தெரிந்த இடத்தில் மனிதனின் கடமை யாது என்பதே இங்கு எழும் வினா. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்தும் இல்லறத்தானின் கொலைக்களங்கள் என்று கூறிய மனு, அதற்குப் பரிகாரமாக நித்திய வேள்விகளை விதித்தார்; அதாவது, தீங்கு முந்தியது, பிராயச்சித்தம் பிந்தியது. சமண ஆசாரியர் குந்தகுந்தரின் நியமசாரம் என்னும் நூலோ, முனிவர் பகலில், நான்கு முழ தூரம் முன்னே நோக்கி, உயிர்களற்ற வழியில் நடக்க வேண்டும் என்று அடி வைப்பதற்கு முன்பே எச்சரிக்கிறது. விதைக்கும் நாளிலேயே சக்கரத்தின் வழியில் உயிர் முளைக்காதபடி செய்துவிடும் உழவர், நோக்கத்தில் வெறும் லாபக் கணக்கரே ஆயினும், செயலில் அம்முனிவரின் பக்கம் நிற்கிறார். கணக்கில் பிறந்த நிதானத்துக்குப் புண்ணியம் உண்டா என்று வாதிடுவோரோடு எனக்கு வழக்கில்லை.

கீற்றின் ஓரச் செடிகள், கூடுதல் வெளிச்சம் கிடைப்பதால் அதிகமாகத் தூர் கட்டி, நஷ்டத்தில் ஒரு பகுதியை ஈடு செய்துவிடுகின்றன என்பது உண்மை. ஆயினும் பாதை தவறிய சக்கரத்தின் கீழ் நசுங்கிய செடிக்கு, அண்டைச் செடியின் செழிப்பு எவ்விதத்தில் ஈடாகும்? உழவர் எண்ணுவது விளைச்சலை; சமண முனிவர் எண்ணுவது ஜீவன்களை. இரண்டு கணக்குகளும் ஒரே ஏட்டில் அடங்கமாட்டா.

இதைவிடக் கடினமான சங்கடம் வண்டியின் தொட்டிக்குள் இருக்கிறது. ஒரு தாளும் ஒடியாதபடி ஊர்ந்து செல்லும் அதே வண்டி, அசுவினிப் பூச்சிகளுக்கு மரணத்தைச் சுமந்து வருகிறது. சமணரின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையின் வேரை அஜாக்கிரதையில் காண்கிறது. இங்கோ கொலை ஜாக்கிரதையாகவே நடைபெறுகிறது, சங்கற்பத்தோடும் நடைபெறுகிறது. பயிரைக் காக்கும் தற்காப்பு என்று அதற்குச் சமாதானம் சொல்லலாம். நான் பாதியளவே அதை ஏற்பேன். சக்கரத்தின் தீங்குக்கு முன்கூட்டியே எல்லை வகுத்தாயிற்று. காற்றில் மிதந்து வேலிக்கு அப்பாலுள்ள பூக்களில் படியும் துளிக்கு அத்தகைய எல்லை இல்லை. ஆகவே அவ்வுழவரின் விவேகத்தை நான் டிராம்லைனின் நேர்த்தியைக் கொண்டு அளக்கமாட்டேன். காற்று பலமாக வீசும் நாளில், வேலை பின்தங்கினாலும், வண்டியைக் கொட்டகையிலேயே நிறுத்தி வைக்கிறாரா என்று கேட்பேன்.