வாயில்லா ஜீவனின் வழக்கு

திருவாரூரில் மனுநீதிச் சோழன் கட்டிவைத்த ஆராய்ச்சி மணியின் கதையைக் கேட்டு வளராத தமிழ்க் குழந்தை இல்லை. கன்றை இழந்த பசு கயிற்றை இழுத்தது, மணி ஒலித்தது, மன்னன் வந்தான், நீதி வழங்கினான். பெற்ற மகனைத் தேர்க்காலில் இடத் துணிந்த மன்னனின் நேர்மையையே நாம் இதுகாறும் வியந்து வந்திருக்கிறோம். ஆயின் அக்கதையில் வியக்கத்தக்கது மற்றொன்றும் உண்டு. பேசமாட்டாத ஓர் உயிருக்கு எட்டும் உயரத்தில் ஒரு கயிறு தொங்கியது. நம் வீட்டு வாயிலில் அத்தகைய கயிறு உண்டா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பாலக்காட்டுக் கணவாயின் வழியே பிழைப்புத் தேடி வந்து சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் தங்கியவர்களும், மூணாறு, பீருமேடு தேயிலைத் தோட்டங்களுக்கு மலையேறி வந்தவர்களின் வழித்தோன்றல்களுமாக நாம் இங்கே வாழ்கிறோம். சுற்றத்தை விட்டு வந்த வீடுகளில் ஒரு நாயோ பசுவோ உறவின் இடத்தை ஓரளவு நிரப்பிவிடுகிறது. பாலக்காட்டில் எங்கள் வீட்டிலும் மணி என்றொரு பெண் நாய் பதினோராண்டுகள் வாழ்ந்தது.

ஒரு நாள் அதனைக் குளிப்பாட்டிய என் மனைவியின் கையில், அதன் மடிக்காம்பருகே புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பால் கட்டியிருக்கும் என்றோம். பிறகு மார்ச்சு மாதக் கணக்கு முடிப்பு வந்தது. அதன்பின் ஊரில் ஒரு திருமணம் வந்தது. அலுவலகக் கோப்பில் ‘பின்னர்ப் பார்க்க’ என்று எழுதிப் பழகிய கை, வீட்டிலும் அதையே எழுதியது. கட்டி எலுமிச்சம்பழ அளவாகிப் புண்ணாகி உடைந்த பிறகே மருத்துவரிடம் சென்றோம். அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. புற்று நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்று மட்டும் சொன்னார்.

அறியாமை குற்றமாகுமா? அறிவதற்கு வழியே இல்லாதபோது ஆகாது. வழி இருந்தும் வாளா இருந்தால் ஆகும். நாங்கள் காலங்கடந்து அறிந்தவற்றை வாசகர்க்குச் சொல்லிவிடுதல் நன்று. பெண் நாய்களுக்கு மிகுதியாக வரும் கட்டி மடிக்கட்டியே. அவற்றுள் ஏறத்தாழப் பாதி தீங்கற்றவை. பூனைக்கு வருபவற்றிலோ பெரும்பாலானவை கொடியவை. இளமையிலேயே கருத்தடை அறுவை செய்த நாய்க்கு இந்நோய் வரும் வாய்ப்புப் பெரிதும் குறைகிறது. வளரும் கட்டி, ஆறாத புண், காரணமில்லா மெலிவு, உணவை முகர்ந்துவிட்டு விலகுதல், வாய் நாற்றம், குருதிக்கசிவு, நடக்கத் தயங்குதல் ஆகியவை அவ்வுயிர் இழுக்கும் கயிறுகள். நீண்ட கொம்புடைய எருது தலையை அடிக்கடி உதறி ஒருபுறம் சாய்த்தால் அது கொம்புப்புற்றாக இருக்கலாம். மலைநாட்டில் பிராக்கன் என்னும் பெரணியை நெடுநாள் மேய்ந்த மாட்டுக்குச் சிறுநீர்ப்பையில் புற்று தோன்றிச் சிறுநீர் சிவப்பதுண்டு. நீலகிரியில் இது நன்கறிந்த நோய். உண்ணியால் வரும் காய்ச்சலிலும் சிறுநீர் சிவக்குமாதலின், எது என்று காண மருத்துவர் வேண்டும்.

எல்லாப் புற்றும் தீராதன என்று அஞ்சவும் வேண்டா. நாய்க்கு நாய் இணைசேர்க்கையால் தொற்றும் ஒருவகைப் புற்று உண்டு. அதனைப் பெரும்பாலும் குணப்படுத்தும் வின்கிறிஸ்டின் என்னும் மருந்து, நம் வேலியோரத்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரிக்கப்படுவது. அதற்காகச் செடியை அரைத்துப் புகட்டலாகாது. அதன் சாறு நஞ்சு.

ஈண்டுப் பேகனை நினைக்கிறோம். இடுக்கியின் கிழக்கெல்லையை ஒட்டி எழும் பழனி மலையின் தலைவன் அவன். மயில் குளிரால் நடுங்குகிறதென்று தன் போர்வையை ஈந்தவன். மயில் நடுங்கியதோ, தோகை விரித்து ஆடியதோ, யார் அறிவார்? போர்வையால் மயிலுக்குத் தீங்கில்லை. ஆனால் அறிவு துணைநில்லாத அருள் சில வேளை கொல்லும். இரக்க மிகுதியால் நாம் உண்ணும் பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைப் பூனைக்குக் கொடுத்தால் அது மாண்டுபோகக்கூடும்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில் நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார். விலங்கின் திறத்தில் நான்காமவனாகிய நாமே முதலாமவனின் நாவாகவும் இருக்க வேண்டியவராகிறோம். இனி வரும் கேள்வி அதனினும் கடியது. தீராத நோயால் துடிக்கும் உயிரை ஊசியிட்டு அமைதிப்படுத்துவது அறமா? கொல்லாமைக்குத் தனி அதிகாரமே வகுத்த நூலைப் போற்றும் நாம் இதற்கு எளிதில் விடை கூற இயலாது.

1928ஆம் ஆண்டில் சபர்மதி ஆசிரமத்தில் நோயுற்ற கன்றொன்று, புரண்டு படுக்கவும் இயலாது வேதனையுற்றது. மருத்துவர் கைவிட்டபின், காந்தியடிகள் ஆசிரமத்தாருடன் கலந்து, ஊசியால் அதன் உயிரை முடிக்கச் செய்தார்; தாமும் அருகே நின்றார். நவஜீவனிலும் யங் இந்தியாவிலும் தம் செயலை விளக்கினார். சினமிக்க மடல்கள் வந்து குவிந்தன. அகிம்சையைத் தம் வாழ்வாகக் கொண்டவரே அதைச் செய்தார் என்பதால் வழக்குத் தீர்ந்துவிடவில்லை. ஆனால் எவ்விடத்தில் நின்று தீர்ப்பளிக்க வேண்டும் என்பதை அவர் காட்டினார். தந்நலமோ சினமோ கலவாமல், அவ்வுயிரின் துன்பம் ஒன்றையே நோக்கி நிற்க வேண்டும் என்பதே அவ்விடம். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், உயிரோடு வைத்திருப்பதே கொடுமையாகும் நிலை விலங்குக்கு உண்டென ஏற்கிறது.

எனவே நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றே: யாருடைய துன்பத்தை முடிக்கிறோம்? செலவும் நாற்றமும் இரவு விழிப்பும் தாளாமல் ஊசி கேட்போமாயின், கருணையின் பெயரால் நம் வசதியை நாடுகிறோம். பிரிய மனமின்றி நாளைக் கடத்துவோமாயின், அன்பின் பெயரால் நம் துயரத்தை அவ்வுயிரின் உடம்பில் ஏற்றுகிறோம். இரண்டாவது பிழையை நாங்கள் பன்னிரண்டு நாள் செய்தோம். மருத்துவர் குறிப்பாகச் சொல்லியும், மணி ஒரு வேளை பால் குடித்தால் தேறிவிட்டது என்று மகிழ்ந்தோம். அன்றிரவு அது முனகியதைக் காலையில் யாரும் பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் பள்ளியில் பயிலும் எங்கள் மகள் கேட்டாள்: “தாத்தாவுக்கும் இதே நோய்தானே அப்பா? அவருக்கு ஏன் ஊசி போடவில்லை?” எளிதில் விடை வரவில்லை. நெடுநேரம் கழித்துச் சொன்னோம்: “தாத்தா தம் விருப்பத்தைத் தம் வாயால் சொன்னார். உன் அத்தை ஊரிலிருந்து வரும்வரை இருக்க வேண்டும் என்றார். வலிக்கு ஒரு பொருள் கண்டு பொறுத்தார். மணிக்கு நாளை என்பது இல்லையம்மா. இன்றைய வலி மட்டுமே உண்டு.” அவ்விடை முழுமையானதா என்று இன்றும் உறுதியாகக் கூற இயலவில்லை. அவள் ஒன்றும் பேசாமல் நாயின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மறுநாள் மருத்துவர் வந்தார். எங்கள் கைகள் அதன் மேல் இருக்கையிலேயே அதன் மூச்சு அடங்கியது.

அச்செயலுக்காக நாங்கள் வருந்தவில்லை. புளியங்கொட்டை அளவில் தொங்கிய கயிற்றைக் கண்டும் காணாதிருந்த மாதங்களுக்காகவே வருந்துகிறோம். கடைசி நாளின் ஊசி அறமா அன்றா என்று வாதிட அறிஞர் பலர் உளர். முதல் நாளின் அலட்சியம் அறமன்று என்பதில் வாதமே இல்லை. ஆகவே அன்பர்களே, இன்று மாலை வீடு திரும்புங்கால், வாலாட்டி வரும் உயிரை ஒரு கணம் நிறுத்தி, கழுத்தும் வயிறும் மடியும் தடவிப் பாருங்கள். மன்னன் இல்லாத காலத்தில், மணியோசைக்குச் செவிகொடுக்க வேண்டியவர் வீட்டுக்கு உரியவரே.