அணைக்க மறந்த விளக்கு

வாய்மை நாவோடு முடிந்துவிடுவதன்று. தலையசைப்பும் கைகாட்டுதலும் எழுதி வைப்பதும் வாய்மைக்கு உட்பட்டவையே. பிறர் நம்மை நம்பி ஒரு முடிவுக்கு வருமாறு நாம் எதனால் உணர்த்தினும் அது சொல்லேயாகும். இதனை ஏற்பவர்க்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. சொன்ன பொழுதில் மெய்யாக இருந்த சொல், நம் கவனக்குறைவினால் சிறிது நேரத்தில் பொய்யாகி நின்றால், அந்தப் பொய் யாரைச் சாரும்? பொய்யுரைக்கும் எண்ணம் நமக்கு அணுவளவும் இல்லாதபோது, அது நாம் ஏற்ற விரதத்தைத் தீண்டுமா?

இதனை ஆராய்வதற்கு அரிய உதாரணங்களைத் தேட வேண்டியதில்லை. நம்மவர் பலருடைய வீட்டு வாயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளே போதும்.

இண்டிகேட்டர் என்று நாம் வழங்கும் திசை விளக்கை, திரும்புவதற்கு முன் இடக்கைக் கட்டை விரலால் தள்ளி எரியவிடுகிறோம். "யான் இப்பக்கம் திரும்பப் போகிறேன்" என்று முன்னும் பின்னும் வருவோர்க்கு அறிவிக்கும் சொல் அது. மோட்டார் வாகனச் சட்டம், 1988, தன் 121-ஆம் பிரிவில், ஓட்டுநர் உரிய வேளைகளில் உரிய சைகைகளைக் காட்ட வேண்டும் என்று விதிக்கிறது. திரும்பி முடிந்ததும் அந்தச் சொல்லின் வேலை முடிந்தது. ஆயினும் விளக்கு அதை அறியாது. நாம் அணைக்கும் வரை கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

காரில் இத்தொல்லை குறைவு. திருப்பிய ஸ்டீயரிங் சக்கரம் நேராகும்போது, அதன் தண்டிலுள்ள ஓர் அமைப்பு இண்டிகேட்டர் நெம்புகோலைத் தானே விடுவித்துவிடும். மோட்டார் சைக்கிளோ பெரும்பாலும் சாய்ந்தே திரும்புகிறது. கைப்பிடி மிகச் சிறிதளவே அசைகிறது. எனவே கார் முறை இங்கே பயன்படாது. பெரும்பாலான வண்டிகளில், பொத்தானை நாமே உள்ளே அழுத்தியோ நடுவுக்குத் தள்ளியோதான் விளக்கை அணைக்க வேண்டும். நண்பகல் வெயிலில், முகப்பில் உள்ள சிறு விளக்கு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அதன் மெல்லிய ஒலியை இயந்திரத்தின் இரைச்சலும் தலைக்கவசமும் மறைத்துவிடுகின்றன. ஆகவே நாம் சொல்லிக்கொண்டிருப்பது ஊருக்கெல்லாம் தெரிய, நமக்கு மட்டும் தெரியாத விந்தை நிகழ்கிறது.

இதன் விளைவைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். ஒருவர் வந்தவாசியிலிருந்து பொன்னூர் மலைக்கு, குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகளை வணங்கப் புறப்படுகிறார் எனக் கொள்வோம். ஊருக்குள் ஒரு தெருவில் இடப்புறம் திரும்பியவர் விளக்கை அணைக்க மறந்துவிட்டார். சற்றுத் தொலைவில் இடப்பக்கச் சந்து ஒன்றின் முகப்பில் மொபெட்டில் ஒருவர் காத்து நிற்கிறார். வருகிறவரின் இடப்பக்க விளக்கு எரிவதைக் கண்டு, அவர் இச்சந்துக்குள் திரும்பப் போகிறார் என்று நம்பி, தம் வண்டியைச் சாலையில் இறக்குகிறார். வருகிறவரோ நேரே வருகிறார். இதற்குப்பின் நிகழக்கூடியதை விவரிக்க வேண்டியதில்லை. வலப்பக்க விளக்கு அணையாதிருந்தாலும் கேடு குறைந்ததன்று. இவர் வலப்புறம் திரும்பப் போகிறார் என்றெண்ணிப் பின்னால் வரும் பேருந்து இடப்பக்கமாக முந்த முயலும். அவ்வேளையில் இவர் சாலையோரம் ஒதுங்கினால் மீள வழியேது?

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவித்தது. அவர்களில் நூற்றுக்கு 44-க்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். இம்மரணங்களுக்கெல்லாம் இந்த மறதியே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இருசக்கரத்தின்மேல் அமர்ந்தவனுக்கு உடலைச் சுற்றிக் காப்பு ஏதுமில்லை என்பதையும், அங்கே சிறு பிழைக்கும் உயிரே விலையாகிறது என்பதையும் இந்த எண்கள் உணர்த்துகின்றன.

இனி, மேலே எழுப்பிய வினாவுக்கு வருவோம். "மறந்துதானே விட்டேன்; எவரையும் ஏமாற்ற எண்ணவில்லையே; எண்ணமில்லாத இடத்தில் பாவம் ஏது?" என்று சிலர் கேட்கலாம். பாவம் பாவனையைப் பொறுத்தது என்ற நம் கொள்கையையே இதற்குச் சான்றாகவும் காட்டலாம். இவ்வாதம் பாதி உண்மை; பாதி உண்மை ஆதலின் மயக்கம் தருவது.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர்க்கொலையை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதத்தோடு, அதாவது சோர்வோடும் அசட்டையோடும், கூடிய மன வாக்குக் காயங்களின் செயலால் பிராணனைப் பிரிப்பதே ஹிம்சை என வரையறுத்தார். அடுத்துப் பொய்க்குக் கூறும் இலக்கணத்திலும் அந்தப் பிரமாதம் என்னும் அடைமொழி தொடர்ந்து வரும் என்று பூஜ்யபாதர் தம் சர்வார்த்தசித்தி உரையில் விளக்கினார். உயிர்க்குத் துன்பம் விளைக்கும் சொல்லே பொய்யென்பதும் அவ்வுரையின் கருத்து. ஆக, ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் பொய் என்று நம் ஆசாரியர்கள் சொல்லவில்லை. எண்ணமின்மை வேறு, விழிப்புடைமை வேறு. முன்னது இருந்தும் பின்னது இல்லையெனில் வினையின் வாயில் திறந்தே கிடக்கிறது.

அமிர்தசந்திர சூரிகள் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனை இன்னும் தெளிவாக்கியுள்ளார். முறையோடு விழிப்பாக நடப்பவன் செயலில் ஓருயிர் நீங்கினாலும் அது அவனுக்கு ஹிம்சையாவதில்லை. சோர்ந்து நடப்பவனுக்கோ, உயிர் போயினும் போகாதிருப்பினும் ஹிம்சை உண்டு என்பது அவர் காட்டும் நெறி. எண்ணமில்லை என்று வாதிடுவோர் இந்நெறியின் முற்பகுதியில் தஞ்சம் புக விரும்புகின்றனர். அந்தத் தஞ்சம் விழிப்போடு நடந்தவனுக்கு மட்டுமே உரியது. பொத்தானைத் தொடவே மறந்தவனுக்கு அங்கே இடமில்லை. எரிந்த விளக்கினால் அன்று எவருக்கும் தீங்கு நேரவில்லை என்பதும் அவனுடைய நற்பேறேயன்றி நல்லொழுக்கமாகாது.

"இது சிறிய மறதியன்றோ?" எனின், கணக்கிட்டுப் பார்க்கலாம். திசை விளக்கு நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை சிமிட்ட வேண்டும் என்பது விதி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு கிலோமீட்டரைக் கடக்க 90 விநாடி ஆகும். அணையாத விளக்கோடு அவர் செல்லும் அந்த ஒரு கிலோமீட்டருக்குள், "திரும்பப் போகிறேன்" என்னும் மெய்யில்லாச் செய்தி 90 முதல் 180 முறை வரை சொல்லப்பட்டுவிடுகிறது. நாவினால் ஒரு பொய்யை ஒரு முறை சொல்லவே கூசும் நல்லோர், இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கே நுட்பமான வேற்றுமை ஒன்றும் உண்டு. முன்பு கையை நீட்டிச் சைகை காட்டியபோது, வண்டியைப் பிடிக்க அந்தக் கை தானே திரும்பி வந்தாக வேண்டும். சொன்னவனே சொல்லை முடித்தும் வைத்தான். வாயால் சொல்லும் சொல்லும் ஒலித்தவுடன் ஓய்ந்துவிடும். ஆனால் விளக்கும் எழுத்தும் அத்தகையன அல்ல. அவை நம்மைவிட்டு நீங்கித் தாமே நின்று பேசுவன. தானே நின்று பேசும் சொல்லை உண்டாக்கியவனுக்கு, அதனை உரிய காலத்தில் மீட்டுக்கொள்ளும் கடமையும் சேர்ந்தே பிறக்கிறது.

இக்கடமையை நம் அறநூல்கள் முன்பே உணர்ந்திருந்தன. முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஆதான நிக்ஷேபண சமிதி ஒன்று. கமண்டலுவையோ நூலையோ எடுக்கும்போது காட்டும் எச்சரிக்கையை, அதனைக் கீழே வைக்கும்போதும் காட்ட வேண்டும். மயிற்பீலியால் இடத்தைத் தூய்மை செய்த பிறகே வைக்க வேண்டும். எடுப்பது பாதி, வைப்பது பாதி. இரண்டும் சேர்ந்தே ஓர் ஒழுக்கம். நாமோ எடுப்பதில் கருத்துடையவர்களாயும் வைப்பதில் கருத்தற்றவர்களாயும் இருக்கிறோம். விளக்கை எரியவிடும்போது திருப்பம் கண்முன் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. திரும்பியதும் அச்சம் நீங்க, மனம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத் தாவிவிடுகிறது. மறதி புகும் வாயில் இதுவே. இல்லறத்தார்க்கு விலக்கப்பட்ட அநர்த்த தண்டங்கள் ஐந்தனுள் பிரமாதசரியை என ஒன்றைச் சமந்தபத்திரர் ரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வைத்ததும் நினைக்கத்தக்கது. பயனின்றி, கருத்தின்றிச் செய்து பிறவுயிரை வருத்தும் செயலே அது. அணையாத விளக்கினால் நமக்கோ பிறர்க்கோ எள்ளளவு பயனும் இல்லை; கேடு மட்டுமே உண்டு.

திருக்குறளில் பொச்சாவாமை என்றே ஓர் அதிகாரம் அமைந்திருக்கிறது. அது பொருட்பாலில், அரசியலில் வைக்கப்பட்டுள்ளது. நாடாள்பவனுக்குச் சொன்ன விழிப்பு, நூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையுள்ள இயந்திரத்தைப் பொதுவழியில் ஆள்பவனுக்கும் பொருந்தும் என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் ஒரு நாளும் மறவாதிருப்பது இயலுமா? இயலாது என்பதை நம் ஆகமங்களே ஒப்புகின்றன. குணஸ்தானங்கள் பதினான்கனுள் ஆறாவது பிரமத்த விரதம், ஏழாவது அப்பிரமத்த விரதம். முற்றத் துறந்த முனிவரும் ஏழாம் நிலையில் நெடுநேரம் நிற்பதில்லை. அந்தர்முகூர்த்தத்துக்குள் ஆறாம் நிலைக்கு இறங்கி மீண்டும் ஏறுகின்றனர். அவர்க்கே அவ்வாறெனில் இல்லறத்தார் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! ஆகவே "இனி மறக்கமாட்டேன்" என்னும் உறுதி மட்டும் போதாது. மறதி வரும் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு, அதற்கு மாற்றாக ஒரு வழக்கத்தை அமைத்துக்கொள்வதே அறிவுடைமை. செய்ததைத் திரும்பிப் பார்த்துத் திருத்தும் பிரதிக்கிரமணத்தை நாள்தோறும் செய்யும் ஆவசியகங்களில் ஒன்றாக வைத்ததன் நோக்கமும் இதுவே.

சாலையிலும் அத்தகைய வழக்கம் எளிது. வண்டி நேராவதும் கட்டை விரல் பொத்தானை அழுத்துவதும் ஒரே செயலின் இரு பகுதிகள் என்று பழகிவிட வேண்டும். அழுத்தினோமா என்ற ஐயம் வந்தால், மீண்டும் ஒரு முறை அழுத்துவதில் இழப்பு ஏதுமில்லை. அழுத்தி அணைக்கும் அமைப்புள்ள வண்டியில், அணைந்த விளக்கு அதனால் மீண்டும் எரியாது. வேகம் மாறி கியரை மாற்றும்போதெல்லாம் முகப்பு விளக்கை ஒரு நொடி நோக்குவதும் நன்று.

"தானே அணையும் கருவி வந்துவிட்டால் இவ்வளவு சிந்தனை எதற்கு?" என்று இளைஞர் கேட்பர். அத்தகைய கருவிகள் புதியன அல்ல. சென்ற தூரத்தையும் நேரத்தையும் அளந்து விளக்கைத் தானே அணைக்கும் அமைப்பை யமஹா நிறுவனம் 1970-களின் இறுதியிலேயே தன் வண்டிகள் சிலவற்றில் பொருத்தியது. இன்று விலை மிகுந்த சில வண்டிகளில், வண்டியின் சாய்வை உணரும் கருவியும் இவ்வேலையைச் செய்கிறது. இவற்றை வரவேற்க வேண்டும். ஓர் உயிரேனும் காக்கப்படுமாயின் அது நன்றே. ஆயினும் கருவி காப்பது திரவிய ஹிம்சையிலிருந்து. பாவ ஹிம்சையிலிருந்து நம்மைக் காப்பது நம் விழிப்பே. கருவியை நம்பிச் சோர்ந்த மனம், கருவியில்லாத இடங்களிலெல்லாம் சோர்ந்தே இருக்கும்.

பிறருடைய விளக்கு அணையாதிருக்கக் கண்டால் நாம் செய்யத்தக்கது யாது? நம் சாலைகளில் விரல்களைக் குவித்து விரித்துக் காட்டி அதனை உணர்த்துவோர் உளர். அது சிறு செயலாயினும் சிறந்த அறம். நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் தவறுவோரை நெறியில் நிறுத்தும் ஸ்திதிகரணமும், பிறர் குறையைத் தூற்றாத உபகூகனமும் உள்ளன. இரண்டும் இந்த ஒரு சைகையில் அடங்கும். கத்திக் கடிந்துரைப்பவன் முன்னதைச் செய்து பின்னதை இழக்கிறான். பின்னால் அமர்ந்துவரும் மனைவியோ மக்களோ நினைவூட்டும்போது ஓட்டுபவர் சினவாமல் ஏற்பதும் இதனோடு சேர்ந்த அறமே.

வாழ்விலும் அணைக்க மறந்த விளக்குகள் பல உண்டு. திருமணத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டு, வர இயலாதபோது அறிவிக்காமல் இருந்துவிடுகிறோம். அங்கே நமக்கென இலை போட்டுக் காத்திருக்கிறார்கள். பெண் கேட்டுப் பேசிய இடத்தில் மனம் மாறிய பின்னும் வாய்திறவாமல் இருந்துவிடுகிறோம். அந்தக் குடும்பம் மாதக்கணக்கில் வேறிடம் பாராமல் நிற்கிறது. கோயில் திருப்பணிக்கு நன்கொடை எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அதனை நம்பி வேலை தொடங்கியவர்கள் தவிக்கிறார்கள். இவற்றுள் எதிலும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. ஆயினும் நம்பியவர் திசை தவறுகின்றனர். சொல்லத் தொடங்கும்போது மெய்யாயிருத்தல் மட்டும் வாய்மையன்று. மெய்யாயிருப்பது நின்றவுடன் அச்சொல்லை மீட்டுக்கொள்வதும் வாய்மையே.

எனவே திருப்பந்தோறும் இரு கடமைகளை நினைவிற்கொள்வோம். திரும்புமுன் அறிவிப்போம்; திரும்பியபின் அவ்வறிவிப்பை முடித்து வைப்போம். நம் விளக்கை நம்பி எவரும் இடர்ப்படாதவாறு வழிநடந்து, விழிப்பென்னும் நல்லறத்தைப் பேணுவோமாக.